பள்ளி முடித்த பிள்ளைக்கு முதலிற் காட்டவேண்டியது

சித்திரை கழிந்து வைகாசி பிறக்குங் காலத்திற் பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகின்றன. அந்நாட்களில் நமது குடியானவர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே. "பையனை அடுத்து எதில் விடுவது? பெண்ணை மேலே படிக்க வைப்பதா, வேண்டாமா?" தாய்மாமன் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார், கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்குந் தரகர் மூன்றாவதொன்றைச் சொல்வார். யாருடைய வாழ்வைப்பற்றிப் பேசுகின்றார்களோ அந்தப் பிள்ளை மாத்திரம் ஒன்றுஞ் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். பதினேழு பதினெட்டு வயதில் வரும் இச்சில வாரங்களிற் செய்யும் முடிவு பின்னர் நாற்பது வருஷ ஜீவனத்தைத் திருப்பிவிடக் கூடியது. ஆதலின் இதனைப்பற்றி நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் சற்று நிதானமாக ஆலோசித்தல் நலம்.

நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது ஒரே விஷயம். "இதைப் படி, இந்த வேலைக்குப் போ" என்று பிள்ளைக்குக் கட்டளையிடுவதற்கு முன்னர், குடும்பத்தின் நிலம், நீர், கடன், வரவு, செலவு ஆகியவற்றின் உண்மையான கணக்கைப் பிள்ளையின் முன் விரித்து வைக்கவேண்டும். கணக்கை அறிந்த பிள்ளை எந்த வழியிற் சென்றாலும் கண் திறந்து செல்லும். அதனை அறியாத பிள்ளை நல்ல வழியிற் சென்றாலும் பிறர் கைபிடித்தே செல்லும்.

பெரியோர் சொல் மாத்திரம் ஏன் போதாது?

"நாங்கள் உலகம் பார்த்தவர்கள், எங்கள் சொற்படி நடந்தாற் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பெரியோர் அனுபவத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் நமது புதுச்சேரியின் கதையையே எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு தலைமுறையும் "இதுவே நிலையான பிழைப்பு" என்று நம்பிய வழி, அடுத்த தலைமுறையில் அடைபட்டுப் போனதைக் காண்கின்றோம்.

சாரம் என்னும் ஊரை உதாரணமாகக் கொள்வோம். உழவரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட உழவர்கரையைச் சேர்ந்த ஊர் இது. இன்று சாரத்தில் ஏர் பூட்டுதற்குரிய காணியைத் தேடித்தான் காணவேண்டும். கடைவீதிகளும் மாடி வீடுகளும் நிறைந்து, நகரம் எங்கே முடிகின்றது, சாரம் எங்கே தொடங்குகின்றது என்று வழிப்போக்கர் அறியக்கூடாதவாறு அது நகரத்தோடு ஒன்றிவிட்டது. இத்தகைய ஊர்களில் வாழ்ந்த குடும்பங்கள் மூன்று பெரிய நம்பிக்கைகளைக் கண்டிருக்கின்றன.

முதலாவது சைகோன் நம்பிக்கை. 1881-ம் வருஷத்துப் பிரெஞ்சு ஆணையின்படி தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்குப் பிரெஞ்சுச் சேனையிலும் இந்தோசீனாவின் அரசாங்க இலாகாக்களிலும் உத்தியோகம் பெறுதல் எளிதாயிற்று. பிரெஞ்சு மொழி கற்றுப் பள்ளிச் சான்று பெற்றுக் கப்பல் ஏறுவதே வாலிபர்க்கு மேலான பாக்கியமென்று கருதப்பட்டது. சைகோனிலிருந்து வந்த பணத்தினால் இங்கே வீடுகள் எழுந்தன, நிலங்கள் கைமாறின. ஆனால் 1954-ம் வருஷத்தில் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. அதே வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகமும் இந்திய அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு வேறு சில வழிகள் மிஞ்சின. சைகோன் உத்தியோகமோ ஒருவர்க்கும் இல்லாமற் போயிற்று.

இரண்டாவது ஆலை நம்பிக்கை. பஞ்சாலைகளில் ஒரு வேலை கிடைத்தால் மாதச் சம்பளம் நிச்சயம் என்று, வானத்தை நோக்கி வாழ்ந்த குடிகள் நகரத்தை அடுத்து வந்து குடியேறினர். அந்தச் சம்பளமும் உரிமையும் எளிதில் வந்தவை அல்ல. 1936-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி துப்பாக்கிச் சூட்டிற் பன்னிருவர் உயிர் துறந்த பின்னரே, 1937-ல் எட்டு மணி நேர வேலைமுறை கிடைத்தது. அவ்வளவு அருமையாகப் பெற்ற பிழைப்புக்கூட என்றும் நிலைக்கவில்லை. 1898-ல் தோன்றி நூறு வருஷங்களுக்கு மேலாக ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்ட ஆங்கிலோ பிரெஞ்சுத் துணி ஆலை 2020-ம் வருஷத்தில் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் கதியும் அதுவே ஆயிற்று. தகப்பன் வேலையை மகன் பெறுவான் என்று எதிர்பார்த்துப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் நட்டாற்றில் நின்றனர்.

மூன்றாவது அரசாங்க உத்தியோக நம்பிக்கை. இது இன்னும் அடைபடவில்லை; ஆனால் வாசல் மிகக் குறுகியது. சில இடங்களுக்குப் பல்லாயிரம் பேர் விண்ணப்பம் செய்கின்றனர். முயற்சி செய்வதிற் குற்றமில்லை. ஆயினும், "உத்தியோகம் வரும்வரை வேறொன்றுஞ் செய்யேன்" என்று ஐந்தாறு வருஷங்களை வெறுமனே போக்கும் வாலிபர் தமது வாழ்வின் நல்ல பருவத்தை இழக்கின்றனர்.

இம்மூன்று வழிகளையும் காட்டிய பெரியோர் அறிவிலிகள் அல்லர். அவரவர் காலத்தில் அவரவர் சொன்னது சரியே. காலம் மாறும் என்பதை மாத்திரம் அவர்களாலும் தடுக்க முடியவில்லை, நம்மாலும் முடியாது. இன்றைக்குப் பதினேழு வயதுள்ள பிள்ளை வேலை செய்யப்போவது இனி வரும் நாற்பது வருஷங்களில். அவை எப்படி இருக்கும் என்று நம்மில் எவராலும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட உத்தியோகத்தின் பெயரைப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் பார்க்கிலும், எந்த நிலைமையையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தைக் கொடுப்பதே நிலையான சொத்தாகும்.

கணக்கை விரித்தல்

நமது வீடுகளில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திற் பன்னிரண்டு வருஷம் கணிதம் கற்பிக்கின்றோம். வீட்டுக் கணக்கை மாத்திரம் அதன் கண்ணிற் படாமல் மறைத்து வைக்கின்றோம். "குழந்தைக்கு ஏன் இந்தக் கவலை?" என்பது அன்பினாற் பிறந்த சொல்தான். ஆனால் கடன் எவ்வளவு என்று அறியாத பிள்ளை, தன் படிப்புக்காகப் பெற்றோர் எதை ஈடு வைக்கின்றனர் என்பதையும் அறியாது. பின்னர் ஒருநாள் அறியும்பொழுது அது பெருஞ் சுமையாக அதன் தலையில் விழும்.

பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும்வரை இரண்டு மூன்று மாத ஓய்வு கிடைக்கின்றது. அதற்குள் நான்கு விஷயங்களைப் பிள்ளைக்குக் காட்டுக.

முதலில் நிலத்தைக் காட்டுக. எத்தனை குழி நஞ்சை, எத்தனை குழி புஞ்சை, பட்டா யார் பேரில் உள்ளது, எல்லைக் கல் எங்கே நிற்கின்றது என்பவற்றை நேரில் நடந்து காட்டவேண்டும். குழி என்பது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 187 குழி. வீட்டிலே குழிக் கணக்காகவும் பதிவேட்டிலே ஹெக்டேர்க் கணக்காகவும் நிற்கும் அளவுகளைப் பிள்ளையே ஒத்துப் பார்க்கட்டும். பழைய நொத்தேர் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்குமாயின், அதன் பொருளை அறிந்தவரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைக்கும் வேலையை அதற்கே கொடுக்கலாம். எத்தனையோ குடும்ப வழக்குகள் பத்திரத்தை வாசிக்க ஆளில்லாத குறையால் விளைந்தவை.

இரண்டாவது நீரைக் காட்டுக. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி முதலாக 84 ஏரிகள் உள்ளன. நமது நிலத்துக்கு எந்த ஏரியின் எந்த மதகிலிருந்து பாய்ச்சல் உரிமை, ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் எத்தனை அடியில் இறக்கப்பட்டிருக்கின்றது, பத்து வருஷத்துக்கு முன் எத்தனை அடியில் இருந்தது என்பவற்றைப் பிள்ளை அறியட்டும். கடலை அடுத்த கிராமங்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால் உப்பு ஏறுவதைக் குடியானவர் அறிவார்கள். இந்த விவரத்தை அறியாமல் விவசாயம் செய்யவும் முடியாது. விவசாயத்தை விட்டுவிடலாமா என்று தீர்மானிக்கவும் முடியாது.

மூன்றாவது கடனைக் காட்டுக. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சாகுபடிக்கு இரண்டு இலட்ச ரூபாய் கடன் வேண்டியிருக்கின்றது என்று கொள்வோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் தனியாரிடம் வாங்கினால் வருஷத்துக்கு வட்டி மாத்திரம் 48,000 ரூபாய். உழவர் கடன் அட்டையின் பேரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வருஷத்துக்கு நூற்றுக்கு 7 வீதம் வாங்கினால் 14,000 ரூபாய். தவணை தவறாமற் கட்டினவர்க்குக் கிடைக்கும் 3 வீதத் தள்ளுபடியையுஞ் சேர்த்தால் 8,000 ரூபாய்தான். ஒரே கடன், ஒரே நிலம், ஒரே மழை. வித்தியாசம் நாற்பதினாயிரம் ரூபாய். இதைப் பிள்ளையே பேனா பிடித்துக் கணக்கிடட்டும். பள்ளியிற் படித்த வட்டிக் கணக்கு எதற்கு உதவும் என்று அதுவரை அது கேட்டிருந்தால், அன்று விடை கிடைத்துவிடும்.

நான்காவது வரவு செலவைக் காட்டுக. உழவு, விதை, நடவு, எரு, களை, அறுவடை, வண்டிக் கூலி என்று ஒரு போகத்தின் செலவையும், விற்ற நெல்லின் விலையையும் ஒரு நோட்டுப் புத்தகத்திற் பிள்ளை எழுதி வரட்டும். வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கிட வேண்டும்; அதைச் சேர்க்காத கணக்குப் பொய்க் கணக்கு. வந்த முடிவு நஷ்டமாக இருந்தாலும் அதை மறைக்க வேண்டாம். எந்தப் பயிரில் நஷ்டம், எந்தச் செலவினால் நஷ்டம் என்று அறிதலே அதைத் திருத்துவதற்கு வழி.

"இவ்வளவையும் காட்டினால் பிள்ளை பயந்து நிலத்தை விட்டு ஓடிவிடுமே" என்று அஞ்சுவோர் உண்டு. ஓடுவதானால் உண்மையை அறிந்து ஓடட்டும். உண்மையை மறைத்து நிறுத்திய பிள்ளை நெடுநாள் நிற்காது. நின்றாலும் மனம் ஒப்பி நிற்காது. கணக்கை அறிந்தபின் நிலத்தை விரும்பி நிற்கும் ஒரு பிள்ளை, கட்டாயத்தினால் நிற்கும் நால்வர்க்குச் சமானம்.

நிலம் தோற்றவர் தஞ்சமன்று

"ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகவேண்டும்" என்ற வசனம் நம்மிடையே மிகப் பழகிப்போனது. இதைச் சொல்பவர் நிலமுடைய குடியானவராகவே இருப்பது மிகவும் வருந்தத்தக்கது. தாம் செய்யுந் தொழிலைத் தாமே தண்டனையாகக் காட்டிவிட்டு, பின்னர், "பிள்ளைகள் நிலத்தை மதிப்பதில்லை" என்று குறை கூறுவதிற் பயன் என்ன? நன்றாகப் படித்த பிள்ளையை நகரத்துக்கு அனுப்பி, பரீட்சையில் தவறிய பிள்ளையை நிலத்தில் விடுவது நமது வழக்கமாகிவிட்டது. மண் பரிசோதனை, நுண்ணீர்ப் பாசனம், பூச்சி மருந்தின் அளவு, சந்தை விலை, காப்பீட்டு நிபந்தனை ஆகியவற்றை ஆராய வேண்டிய இத்தொழிலுக்கு, வீட்டில் உள்ள கூர்மையான புத்தியை அல்லவா முதலிற் கொடுக்கவேண்டும்?

பரீட்சையில் தவறிய பிள்ளையைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்லுதல் தகாது. முடிவு வெளியாகும் நாளில் வீட்டார் பேசும் கடுஞ்சொல் சில வேளைகளில் மீட்க முடியாத விபரீதத்தில் முடிவதைப் பத்திரிகைகளில் வருஷந்தோறும் வாசிக்கின்றோம். ஒரு பாடத்தில் தவறியவர் ஜூலை மாதத்திலேயே மறுபரீட்சை எழுத இடமிருக்கின்றது. ஒரு போகம் பொய்த்தால் நிலத்தைச் சபிப்பாரில்லை. மறுபோகத்துக்கு விதையைத் தேடுகின்றோம். பிள்ளைக்கும் அந்தப் பொறுமையைக் காட்டுக. அந்த ஒரு வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாமல், மதிப்பெண்ணைப்பற்றி விருந்தாளிகளின் முன் பேசாமல், வழக்கம்போல் உடன் உட்கார்த்திச் சோறிடுவதே பெற்றோர் செய்யத்தக்க பெரிய உபகாரம். பிள்ளை பேச்சற்று ஒதுங்கியே இருக்குமாயின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

எங்கே கற்கலாம்?

விவசாயத்தை ஒட்டிய படிப்புக்களுக்கு நமது பிரதேசத்திலேயே நல்ல இடங்கள் உள்ளன. காரைக்காலில் 1987-ல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலே நான்கு வருஷப் பட்டப் படிப்பு நடைபெறுகின்றது. குரும்பாப்பட்டில் 1994-ல் ஏற்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷப் படிப்பு. இவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடங்கள் எடுத்திருத்தல் அவசியமாதலால், பதினோராம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேரும்பொழுதே யோசிக்க வேண்டும். முடிவு வந்தபின் யோசிப்பது அறுவடை சமயத்தில் விதை தேடுவதை ஒக்கும்.

பட்டம் வேண்டாதவர்க்கும் வழியுண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர் இலாசுப்பேட்டை மோதிலால் நேரு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே மூன்று வருஷப் பட்டயப் படிப்பிற் சேரலாம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓரிரு வருஷப் பயிற்சியும் பெறலாம். மோட்டார் பழுது பார்ப்பவர், மின்கம்பி வேலை தெரிந்தவர், டிராக்டர் இயந்திரம் அறிந்தவர் இல்லாமல் இன்று எந்தக் கிராமமும் ஒரு வாரம் நடவாது. இத்தொழில் தெரிந்த வாலிபர்க்கு வருமானமும் உண்டு. சொந்த நிலத்தின் இயந்திரச் செலவும் மிச்சம்.

நமது வாலிபர் பலர் அறியாத ஒரு செய்தியை இங்கே எடுத்துரைக்க வேண்டும். இந்தியாவில் இன்று எழுநூறுக்கு மேற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுள் எல்லாவற்றுக்கும் முதலாவது நிலையம் 1974-ம் வருஷத்தில், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நமது புதுச்சேரியிலேதான் தொடங்கப்பெற்றது. மோகன் சிங் மேத்தா என்னுங் கல்வியறிஞரின் தலைமையில் அமைந்த குழு வகுத்த திட்டத்தின்படி ஏற்பட்டது இது. இதன் தத்துவம் மிக எளியது: செய்து கற்றல். பட்டமும் பரீட்சையும் அங்கே முக்கியமல்ல. குடியானவர், பெண்கள், பள்ளியை விட்ட கிராம வாலிபர் ஆகியோர் மண்ணிலும் தொழுவத்திலும் நாற்றங்காலிலும் கையை வைத்துக் கற்பதே நோக்கம். குரும்பாப்பட்டில் இன்று இயங்கும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு விடுமுறையில் ஒருமுறையாவது பிள்ளையை அழைத்துச் செல்லுக. தேனீ வளர்ப்போ, காளானோ, நாற்றுப் பண்ணையோ, கறவை மாடோ, ஏதாவது ஒரு பயிற்சியை அது பெறட்டும். பின்னர் வைத்தியத்துக்கோ வக்கீல் தொழிலுக்கோ சென்றாலும் அந்தப் பயிற்சி வீண்போகாது.

பெண்களைப்பற்றித் தனியே கூறவேண்டிய நிலைமை இன்னும் இருக்கின்றது. மேலே கூறிய கணக்கை மகனுக்கு மாத்திரம் காட்டுவது பாதிக் கணக்கு. 2005-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைக் கொடுத்திருக்கின்றது. நாளை பாகம் பெறப்போகும் பெண்ணுக்கு நிலத்தின் எல்லையும் கடனின் அளவும் தெரியாமல் இருப்பது நியாயமன்று. "மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்" என்று விட்ட நிலங்கள் பல பிறர் கைக்குப் போயின.

நிலத்தை விற்குமுன்

படிப்புக்காக நிலத்தை விற்கலாமா? இக்கேள்விக்கு ஒரே விடை கூற இயலாது. நல்ல படிப்புக்காகச் சிறு பாகத்தை விற்று முன்னேறிய குடும்பங்கள் உண்டு. ஆனால் நகரத்தை அடுத்த கிராமங்களில் மனைத் தரகர் கூறும் விலையைக் கேட்டு, படிப்பு என்ற பெயரில் அவசரமாக விற்பவர்களே மிகுதி. விற்குமுன் இரண்டு விஷயங்களை ஆராய்க. ஒன்று, கல்விக் கடன். மத்திய அரசாங்கத்தின் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் 7½ இலட்ச ரூபாய் வரையிற் சொத்து ஈடின்றி வங்கிகள் கல்விக் கடன் கொடுக்க ஏற்பாடு இருக்கின்றது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவேண்டிய நிர்ப்பந்தமும் பொதுவாக இல்லை. இரண்டாவது, படிப்பின் தன்மை. அந்தக் கல்லூரியில் மூன்று வருஷத்துக்கு முன் படித்து வெளிவந்தவர் மூவரைத் தேடிப்பிடித்து, இப்பொழுது என்ன வேலை, என்ன சம்பளம் என்று நேரிற் கேட்க வேண்டும். வர்ண விளம்பரத் தாள் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள்.

உத்தியோகம் வாங்கித் தருகின்றேன் என்று முன்பணம் கேட்பவர்க்கு நிலத்தை விற்றுக் கொடுப்பதைப்பற்றி ஆராய்ச்சியே தேவையில்லை. அது மோசம். 2018-ம் வருஷத் திருத்தத்துக்குப் பின் கையூட்டுக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். ஆகவே பணத்தை இழந்தவர் நீதிமன்றத்தில் தலை நிமிர்ந்து நிற்கவும் முடியாது. விற்ற நிலமோ திரும்பி வராது.

வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள்

இப்பகுதியைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுமாறு வேண்டுகின்றோம்.

1. பதினெட்டு வயது நிறைந்தபின் உமது கையெழுத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. வாசித்துப் பொருள் அறியாத எந்தத் தாளிலும், நண்பருக்காகவேயாயினும், கையெழுத்திட வேண்டாம். பிறர் கடனுக்குப் பிணை நிற்பது உம்முடைய கடனே என்று அறிக.

2. கைபேசியில் ஒரே நிமிஷத்திற் கிடைக்கும் கடனை நாடவேண்டாம். அதன் வட்டியை வருஷக் கணக்காக மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

3. என்ன படித்தாலும், பிறர் பணங் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளக்கூடிய ஒரு கைத்தொழிலை இருபது வயதுக்குள் பழகிக்கொள்ளுக. உத்தியோகம் போனாலும் கைத்தொழில் போகாது.

4. அரசாங்கப் பரீட்சைகளுக்கு எத்தனை வருஷம் முயல்வது என்று முன்னதாகவே ஓர் எல்லை வகுத்துக் கொள்ளுக. அந்த வருஷங்களிலும் ஏதேனும் ஒரு வேலை செய்துகொண்டே முயல்க.

5. தமிழைப் பிழையின்றி எழுதவும், ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பத்தைத் துணையின்றி எழுதவும் பழகுக. எந்த ஊருக்குச் சென்றாலும் இவ்விரண்டும் உதவும்.

6. பெற்றோர் கருத்துக்கு மாறான வழியை நீர் விரும்பினால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுச் செல்லாமல், அந்த வழியின் செலவையும் வரவையும் எழுதிக் காட்டுக. கணக்கோடு பேசும் பிள்ளைக்குக் காது கொடாத தகப்பனார் சிலரே.

7. வெளியூர் சென்றாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது நிலத்தின் எல்லையை நடந்து பார்த்து, அந்த வருஷக் கணக்கைக் கேட்டு அறிந்து செல்லுக.

கிராம அதிகாரிகளின் கடமை

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உபகாரம் பெரிது. முடிவுகள் வெளியான உடனே இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் அலுவலகங்களில் நாட்கணக்கிற் காத்து நிற்கின்றனர். சென்டாக் சேர்க்கைக்குக் குறித்த நாள் தவறினால் ஒரு வருஷமே தவறிவிடும். பங்குனி மாதத்திலேயே தம் எல்லைக்குட்பட்ட பள்ளிகளில் இறுதி வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலைப் பெற்று, தேவையான விசாரணைகளை முடித்து வைத்தால், முடிவு வந்த வாரத்திலேயே சான்றுகள் கைக்கு எட்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய செலவோ வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

அன்றியும், வருஷத்துக்கு ஒருநாள், இறுதி வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்துப் பட்டா என்றால் என்ன, வில்லங்கச் சான்று என்றால் என்ன, அடங்கலில் என்ன எழுதப்படுகின்றது, பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பவற்றை விளக்கலாம். தமது கிராமத்தின் பதிவேட்டை ஒருமுறை கண்ட பிள்ளையை நாளைக்கு எந்தத் தரகரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

முடிவுரை

நிலத்தை எல்லோரும் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றரைக் காணி நிலம் நால்வர்க்கும் சோறிடாது. சிலர் வெளியே செல்லுதல் இயற்கையும் அவசியமுமாம். யார் நிற்பது, யார் செல்வது, எதை விற்பது, எதைக் காப்பது என்ற தீர்மானங்கள் பிள்ளைகளும் உடன் உட்கார்ந்து, கணக்கை நடுவில் வைத்துப் பேசி ஏற்படவேண்டும் என்பதே நமது விண்ணப்பம்.

சாரம் போன்ற ஊர்களில் வயல்கள் மனைகளானது ஒரே நாளில் நிகழவில்லை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வருஷம் தனித்தனியே செய்த சிறுசிறு தீர்மானங்களாலேயே நிகழ்ந்தது. அவற்றிற் சில நன்கு ஆலோசித்தவை. சில அவசரத்திற் செய்தவை. பாகூரிலும் வில்லியனூரிலும் நெட்டப்பாக்கத்திலும் இன்னும் நெல் விளைகின்றது. அவ்வூர்களில் இவ்வருஷம் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் அத்தகைய தீர்மானம் ஒன்று காத்திருக்கின்றது. முடிவு வெளியாகும் நாள்வரை காத்திராமல், வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்து, பத்திரத்தையும் கடன் சீட்டையும் எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைக்குமாறு நிலமுடைய அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.